புளோரிடா பேரண்டிங் பிளான்: இந்தியப் பயணத்தையும் தீபாவளியையும் எப்படி எழுதுவது?

நெய்தல்:
வணக்கம். டாம்பாவில் இருக்கிறோம். நானும் கணவரும் பிரிவதென்று பேசி முடித்துவிட்டோம். மகனுக்கு 8 வயது. பிரிந்தபின் குழந்தை எப்போது யாரிடம் இருக்கும் என்று எழுதும் பேரண்டிங் பிளானுக்கான கோர்ட் படிவத்தை, 12.995(ஏ), நாங்களே நிரப்பினோம். ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அவரிடம், அதில் தகராறில்லை. சிக்குவது இரண்டு இடம். கோடையில் பையனை மதுரைக்கு, என் அப்பா அம்மாவிடம் கூட்டிப்போக வேண்டும். "போனால் திரும்பி வருவாய் என்று என்ன நிச்சயம்?" என்கிறார் அவர். இப்போதைக்கு "இருவர் சம்மதத்தோடு வெளிநாட்டுப் பயணம்" என்று எழுதியிருக்கிறோம். போதுமா? அடுத்தது தீபாவளி. விடுமுறைப் பட்டியலில் ஈஸ்டர், தேங்க்ஸ்கிவிங் எல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள், நம் பண்டிகை இல்லை.

கடலோரம்:
அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள் தங்கச்சி. நானும் அப்படித்தான் எழுதினேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது அவர் சம்மதிக்கவில்லை. கோர்ட்டில் கேட்டு முடிவதற்குள் பள்ளி திறந்துவிட்டது.

உங்கள் கணவரின் பயத்தை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தையை ஒரு பெற்றோர் வேறு நாட்டில் நிறுத்திக்கொண்டால் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அங்கே போனபின் புளோரிடா கோர்ட் உத்தரவை நிறைவேற்றுவது கடினம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். அதனால் அவர் பயத்துக்கான பதில் பிளானிலேயே இருக்கட்டும். அதிகபட்சம் எத்தனை நாள், போக வர டிக்கெட் நகல் கிளம்புவதற்கு எத்தனை நாள் முன்னால், மதுரை முகவரி, போன் எண், தினமும் எத்தனை மணிக்கு வீடியோ கால். கோடையில் இங்கே காலை 8 என்றால் அங்கே மாலை 5:30, அந்த நேரம் இருவருக்கும் ஒத்துவரும்.

மழைத்துளி:
தீபாவளிக்கு ஒன்று சொல்கிறேன். நமக்கு எண்ணெய்க் குளியல் விடியற்காலையில். "தீபாவளி அன்று அம்மாவிடம்" என்று மட்டும் எழுதினால் பையன் காலை 10 மணிக்கு வந்து இறங்குவான், எல்லாம் முடிந்திருக்கும். "தீபாவளிக்கு முந்தின நாள் மாலை 6 முதல் தீபாவளிக்கு மறுநாள் காலை பள்ளி வரை" என்று எழுதுங்கள். "தமிழ்நாட்டு நாட்காட்டிப்படி" என்றும் சேருங்கள். இரட்டைப்படை ஆண்டில் தீபாவளி உங்களுக்கு என்றால் பொங்கல் அவருக்கு, அடுத்த ஆண்டு மாற்றி.

2023 ஜூலை 1 முதல் இங்கே சரிபாதி நேரம்தான் குழந்தைக்கு நல்லது என்று சட்டமே அனுமானித்துத் தொடங்குகிறது, ஆட்சேபிப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் வார ஏற்பாடு அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் பாதிப்பாதி என்பதால் சைல்ட் சப்போர்ட் (பிள்ளையின் பராமரிப்புப் பணம்) கிடையாது என்று நினைக்காதீர்கள், இருவர் வருமானத்தையும் வைத்துத்தான் கணக்கு. பையன் எந்தப் பள்ளி எல்லைக்குள் வருவான் என்பதற்கு யார் முகவரி என்பதையும் கட்டாயம் நிரப்ப வேண்டும்.

நெய்தல்:
ரொம்ப நன்றி. அவருக்கு ஆர்லாண்டோவில் வேலை கிடைக்கலாம். அதற்கும் இப்போதே எழுத வேண்டுமா?

மழைத்துளி:
அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 50 மைலுக்கு அப்பால், 60 நாளுக்கு மேல் குடிபோவதென்றால் உங்கள் எழுத்துச் சம்மதமோ கோர்ட் அனுமதியோ வேண்டும். ஆர்லாண்டோ அந்தத் தூரத்தைத் தாண்டும். குடிபோக அனுமதி கேட்டு அவர் போடும் மனு உங்கள் கைக்கு வந்தால் ஆட்சேபிக்க 20 நாள்தான், தள்ளிப்போடாதீர்கள். அங்கிருந்து வார நாளில் டாம்பா பள்ளிக்குக் கொண்டுவிடுவது பையனுக்குத்தான் கஷ்டம், அதை முதலில் அவரிடம் பேசுங்கள்.

நெய்தல்:
நேற்று இரவு அவரோடு உட்கார்ந்து எழுதினேன்: "கோடையில் 35 நாள் வரை. டிக்கெட் நகல் 45 நாள் முன்னால். பாஸ்போர்ட் அப்பாவிடம் இருக்கும்." இதற்கு ஒத்துக்கொண்டார்.

கடலோரம்:
பாஸ்போர்ட்டை எப்போது கையில் தருவார்? "கிளம்புவதற்கு 10 நாள் முன், நோட்டரி கையெழுத்திட்ட பயணச் சம்மதக் கடிதத்தோடு" என்று சேருங்கள். திரும்பி வந்து எத்தனை நாளில் நீங்கள் ஒப்படைப்பீர்கள் என்பதும் வரட்டும். 16 வயதுக்குள் அமெரிக்க பாஸ்போர்ட் 5 வருஷம்தான் செல்லும், புதுப்பிக்க இருவர் சம்மதமும் வேண்டும். நேரில் வர முடியாதவர் டிஎஸ்-3053 என்ற சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தருவார் என்று இன்னொரு வரி. பையன் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது, பார்த்தீர்களா?