டோக்கியோவுல நல்ல ராமென் கடைய எப்படிப்பா கண்டுபிடிக்கிறது? மூணு தடவ ஏமாந்தாச்சு

அரைப்ளேட்:
ப்ராஜெக்ட்டுக்காக டோக்கியோ வந்து ரெண்டு மாசம் ஆச்சு, நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் இருக்கற மாதிரி நிஷிகசாய்லதான் ஜாகை, அதனால தோசைக்கும் சாம்பாருக்கும் ஒரு குறையும் இல்ல. ஆனா ஜப்பான் வந்துட்டு ஒழுங்கா ஒரு ராமென், அதான் அந்த நூடுல்ஸ் சூப்பு, சாப்பிடலன்னா எப்படின்னு கூகுள் மேப்ஸ்ல 4.5, 4.6னு இருந்த கடையா பாத்து மூணு வீக்எண்ட் போனேன். ஷின்ஜுகுல ஒரு கடைல ஒரு மணி நேரம் லைன், முன்னாடி பின்னாடி எல்லாம் சூட்கேஸோட டூரிஸ்ட், உள்ள போனா சூப் ஆறிப்போன ரசம் மாதிரி வருது. இன்னொரு கடைல மெஷின்ல டிக்கெட் எடுக்கணுமாம், எல்லாமே ஜப்பானீஸ், குத்துமதிப்பா ஒரு பட்டன அமுக்கி டிக்கெட்ட குடுத்தேன், ஒரே ஒரு அவிச்ச முட்டைய கிண்ணத்துல வச்சு குடுத்துட்டு என்னையே பாக்கறாரு அந்த மனுஷன். மானம் போச்சு.

எனக்கு போர்க் ஓகே, ஆனா அந்த கெட்டியான பன்னி எலும்பு சூப் வாசன இன்னும் பழகல. வீட்டுக்காரம்மா போர்க், பீஃப் ரெண்டும் தொடமாட்டாங்க, சிக்கன் மீன் சாப்பிடுவாங்க. ஜப்பானீஸ் படிக்க தெரியாது. ஆபீஸ்ல கேட்டா எல்லா கடையும் நல்லாருக்கும்னு சிரிக்கறாங்க. நீங்கல்லாம் எப்படி கடை புடிக்கறீங்க?

தோசாய்லைன்வாசி:
ப்ரோ அந்த முட்டை மேட்டர் எல்லாருக்கும் நடந்ததுதான், விடுங்க. நீங்க பண்ண தப்பு ஒண்ணுதான், கூகுள்ல டூரிஸ்ட் போடற ஸ்டார நம்புனது. இங்க ஊர்க்காரங்க பாக்கறது தாபெலோக்ங்கற ஹோட்டல் ரெவ்யூ சைட். அதுல மார்க் போடறவங்க செம கறார், நம்ம பத்தாங்கிளாஸ் கணக்கு வாத்தியார் பேப்பர் திருத்தற மாதிரி. 3ன்னா பரவால்லன்னு அர்த்தம், 3.5 தாண்டுனாலே நல்ல கடை, 3.7னா லைன்ல நிக்க ரெடியா போங்க. வருஷா வருஷம் டோக்கியோ ராமென்னுக்குன்னு தனியா நூறு கடை லிஸ்ட் ஒண்ணும் போடுவாங்க, ஹ்யாகுமெய்தென்னு பேரு, ஆரம்பிக்கறவங்களுக்கு அது போதும். கூகுள்லயே தேடறதுன்னாலும் ஜப்பானிய எழுத்துல ராமென்னு காப்பி பேஸ்ட் பண்ணி தேடுங்க, வர்ற கடையே வேறயா இருக்கும்.

மெஷின்ல குழம்புனா மேல இடது மூலைல இருக்கற பட்டன். பெரும்பாலும் கடையோட மெயின் அயிட்டம் அங்கதான் இருக்கும், சின்ன பட்டனெல்லாம் டாப்பிங், நீங்க அமுக்குனது அதுலதான். அப்புறம் கைல ஆயிரம் யென் நோட்டு வச்சுக்கோங்க, 2024 ஜூலைல புது நோட்டு விட்டப்ப பழைய மெஷின் பல அத வாங்கல, மெஷின மாத்துனா செலவுன்னு சின்ன கடைக்காரங்க நொந்து போனாங்க. இன்னும் சில கடைல அதே மெஷின்தான்.

உங்க ஸ்டேஷன்ல இருந்து வண்டி மாறாம அரை மணி நேரத்துல தகாதானோபாபா போயிடலாம். வசேதா யூனிவர்சிட்டி பசங்க சாப்பிடற ஏரியா, அந்தப் பக்கம் பூரா ராமென் கடை, நல்லா இல்லன்னா தாக்குப்பிடிக்கவே முடியாது, அதனால அங்க ரொம்ப மோசமா மாட்டிக்க மாட்டீங்க.

வடக்குமாசிவீதி:
தோசாய் அண்ணே சொன்னது சரிதான், ஆனா ரேட்டிங்க புடிச்சுக்கிட்டு அலையறதுல எனக்கு நம்பிக்க இல்லண்ணே. மதுரைல வந்து நல்ல கடை எதுன்னு கேட்டா என்ன சொல்லுவோம், உனக்கு பரோட்டாவா கறிதோசையா இட்லியா அத மொதல்ல சொல்லுன்னுதான கேப்போம். ராமென்லயும் அதேதான். உங்களுக்கு பன்னி எலும்பு சூப் ஆகலன்னா தோன்கோத்சு பக்கம் இப்ப போகாதீக, அது ஃபுகுஓகா பக்கத்து சரக்கு. இயெகெய்னு போட்டுருக்கறதும் வேணாம், 1974ல யோகோஹாமா பக்கம் ஆரம்பிச்ச ஸ்டைல், பன்னி எலும்பும் சோயாவும் சேந்து கெட்டியா வரும்.

டோக்கியோவோட சொந்த ராமென் ஷோயு. தெளிஞ்ச சூப், சோயா சாஸ், மீன் வாசன லேசா. ஓகிகுபோ போயி ஹருகியான்னு ஒரு கடை, 1949ல இருந்து இருக்கு, அதுவும் உங்க தோசாய் மெட்ரோ லைன் பக்கந்தான், நகானோல மாறுனா ரெண்டு மூணு ஸ்டாப். ஒரு தடவ அங்க குடிச்சுப் பாருங்க, அப்புறம் மத்ததெல்லாம் எதுல இருந்து எங்க போயிருக்குன்னு நாக்குக்கே புரிஞ்சுரும். நூடுல்ஸ தனியா வச்சு கெட்டி சூப்புல தொட்டுச் சாப்பிடறது சுகெமென், அத பிரபலமாக்குனவரு யமாகிஷி கசுஒ, ஹிகாஷி இகெபுகுரோல தாய்ஷோகென்னு 1961ல கடை போட்டவரு, 2015ல இறந்துட்டாரு. அவருகிட்ட தொழில் கத்துக்கிட்டு போனவய்ங்க ஊரு பூரா கடை வச்சிருக்காய்ங்க, அது ஒரு வம்சம் மாதிரி. அதனால நான் ஸ்டார் பாக்க மாட்டேன், இவன் எந்த கடைல வேல பாத்து வந்தவன்னுதான் பாப்பேன்.

வாசன புடிக்கும்னா நிபோஷி சாப்பிடுங்க. நிபோஷின்னா வேற ஒண்ணுமில்ல, நெத்திலிய அவிச்சு காய வச்சது, கருவாட்டுக்கு சித்தப்பா மகன். ஷின்ஜுகுல கோல்டன் காய்ங்கற குறுகலான சந்துக்குள்ள நாகின்னு ஒரு கடை, ஏணி மாதிரி படி ஏறணும், மாடில கொஞ்சூண்டு எடம், ராத்திரிலயும் ஓடும். ஜிரோன்னு பேரு போட்ட ராமென் கடை பக்கம் மட்டும் தனியா போயிராதீக. காய்கறியும் கொழுப்பும் மலையா குமிச்சு வச்சிருப்பாய்ங்க, பூண்டு போடவான்னு கேக்கறப்ப டக்குன்னு பதில் சொல்லணும், முழுச்சுக்கிட்டு நின்னா பின்னாடி இருக்கறவன் மொறைப்பான்.

மொட்டமாடி:
வீட்டுக்காரம்மா மேட்டர யாருமே பேசல பாருங்க 😀 நானும் போர்க் சாப்பிடாத ஆளு, ஆறு வருஷம் பட்டு தெரிஞ்சுக்கிட்டது சொல்றேன். சிக்கன் சூப்புன்னு போட்டிருந்தா நம்பி உள்ள போயிடாதீங்க, மேல வைக்கற சாஷுங்கற கறித்துண்டு போர்க்கா இருக்கும், வாசனைக்கு விடற எண்ணெய்ல பன்னிக்கொழுப்பு இருக்கும். சாஷு நுக்கின்னு சொன்னா அந்த துண்ட வைக்காம குடுப்பாங்க, ஆனா சூப்ப ஒண்ணும் பண்ண முடியாது, அது காலைலயே ஒரே அண்டால கொதிச்சது. கொஞ்சம் பட்டா பரவால்லயா, சுத்தமா கூடாதான்னு அவங்ககிட்ட மொதல்ல கேட்டுக்கோங்க, அத வச்சுதான் கடையே.

சுத்தமா கூடாதுன்னா டோக்கியோ ஸ்டேஷன்ல டீஸ் தான்தான். முழுக்க வீகன், எள்ளு அரைச்சு விட்ட தான்தான்மென், வெஜ்ஜுன்னு சொல்லலன்னா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. ஒரு சிக்கல், கடை ஜேஆர் ரயில் டிக்கெட் கேட்டுக்கு உள்ள, நீங்க தோசாய் லைன்ல ஓதெமாச்சி ஸ்டேஷன்ல இறங்கி நடந்து போனா வெளியவே நிப்பீங்க, ஜேஆர்ல எங்கயாவது போற அன்னிக்கு போங்க. அசாகுசால நாரிதாயா ஹலால் கடை, சிக்கன் சூப். அஃபுரிங்கற கடைல வீகன் ராமென் தனியா உண்டு, நீங்க அதே டேபிள்ல யூசு போட்ட உப்பு ராமென் சாப்பிடலாம், எலுமிச்ச வாசன மாதிரி லைட்டா இருக்கும், ரெண்டு பேருக்கும் ஒரே கடைல ஆகும். கிளம்பறதுக்கு முன்னாடி கடை இருக்கா தொறந்திருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க, இந்த ஊர்ல ராமென் கடை திடீர்னு மூடிருவாங்க.

அரைப்ளேட்:
எல்லாருக்கும் நன்றி!! ரெண்டு வாரம் கழிச்சு இப்பத்தான் வந்து சொல்றேன். வடக்குமாசி அண்ணன் பேச்ச கேட்டு மொதல்ல ஓகிகுபோ, அப்புறம் கோல்டன் காய். அந்தப் படில ஏறும்போதே மூக்குல ஏறிடுச்சு, எங்க பாட்டி வீட்டு அடுப்படில நெத்திலி கருவாடு வறுக்கற அதே வாசன, நான் பாட்டுக்கு சிரிச்சுட்டு நிக்கறேன். உள்ள ரிப்பன் பக்கோடா மாதிரி அகலமா ரெண்டு மூணு நூடுல்ஸ் வேற கிடக்குது, அது சூப்பர். மெஷின்ல மேல இடது பட்டன்தான் அமுக்குனேன், இந்த தடவ முட்டை வரல.

நேத்து ஊட்டுல கூட்டிட்டு டீஸ் தான்தான். ஒரு வாய் உறிஞ்சிட்டு எள்ளுப்பொடில நல்லெண்ண ஊத்துன மாதிரி இருக்குன்னு சொல்லிட்டு என் கிண்ணத்துலயும் பாதி எடுத்துட்டாங்க, இனிமே வாராவாரம் ஜேஆர்லதான் போகணுமாம்.

ஒரு டவுட்டு, சூப்ப முழுசா குடிக்கணுமா? எனக்கு உப்பு தாங்கல, மிச்சம் வச்சா கடைக்காரர் கோவிச்சுப்பாரா?

வடக்குமாசிவீதி:
வைக்கலாம்ணே, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக, இங்க உள்ளவய்ங்களே பாதி பேரு வச்சுட்டுதான் எந்திரிக்கறாய்ங்க. நூடுல்ஸ மட்டும் ஊற விடாம சடசடன்னு முடிச்சுருங்க, போன்ல பேசிக்கிட்டு உக்காந்தாத்தான் அவருக்கு சுருக்குன்னு வரும். முடிச்சதும் கிண்ணத்த தூக்கி மேல இருக்கற திட்டுல வச்சு, துணி இருந்தா மேசைய ஒரு இழு இழுத்துட்டு, கொச்சிசோசமான்னு சொல்லிட்டு வாங்க. அடுத்த தடவ போறப்ப தலைய ஆட்டுவாரு.