சேர்ந்து செய்கிற கடும் பயிற்சி: போனவர்கள் சொல்லுங்கள்

காரைக்குடி, துணிக்கடை

நம்ம பக்கத்தில் ஜிம் என்றால் பல வருஷமாக ஒரு ஹால், நாலு மிஷின், சுவர் முழுக்கக் கண்ணாடி, அவ்வளவுதான். கிராஸ்ஃபிட் பாணி வகுப்புகள் வந்த பிறகு கடைக்காரர், வங்கி ஊழியர், கல்லூரிப் பிள்ளைகள், நாற்பது தாண்டிய பெண்கள் என்று எல்லோரும் போகிறார்கள். சேரலாமா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் இதைத் தொடங்குகிறேன். நல்லது கெட்டது இரண்டும் வரட்டும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பளு தூக்குவது, ஓடுவது, குதிப்பது, கம்பியில் தொங்குவது எல்லாவற்றையும் கலந்து, கடிகாரத்தை ஓடவிட்டுப் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகச் செய்வதுதான் இந்தப் பயிற்சி. கிராஸ்ஃபிட் நிறுவனத்தை 2000-இல் அமெரிக்காவில் கிரெக் கிளாஸ்மேனும் லாரன் ஜெனாயும் ஆரம்பித்தார்கள். அவர்களுடைய பெயர்பெற்ற பயிற்சிகளில் ஒன்று 'ஃபிரான்'. எடை மாட்டிய கம்பியைத் தோளில் தாங்கி, முழுதாக உட்கார்ந்து எழுந்து, அதே வேகத்தில் தலைக்கு மேல் தள்ள வேண்டும். அது 21 தடவை, உடனே கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கிற புல்-அப் 21 தடவை. அப்புறம் இரண்டும் 15, அப்புறம் 9. ஆண்களுக்கு எழுதியிருக்கும் எடை ஏறக்குறைய 43 கிலோ. கைதேர்ந்தவர்கள் சில நிமிஷங்களில் முடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சில நிமிஷமே போதும், தரையில் மல்லாந்து படுத்துவிடுவார்கள்.

எனக்குக் கிடைத்த பெரிய பலன் இடுப்பில். கடையில் சேலை பண்டல் இறக்குகிற நாளெல்லாம் இடுப்பு பிடித்துக்கொள்ளும். தரையில் இருக்கிற பாரத்தைக் குனிந்து எடுத்து நிமிர்கிற டெட்லிஃப்ட் கற்றுக்கொண்ட பிறகு அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கி, பாரத்தைக் காலோடு ஒட்டி எடுக்க உடம்பு பழகிவிட்டது. குன்றக்குடி மலைப்படியில் நடுவில் நிற்காமல் ஏறுகிறேன். படுத்தால் தூக்கம் வருகிறது.

இன்னொன்று, கூட்டம். காலை வகுப்புக்கு நான் வரவில்லை என்றால் சூரியன் ஏறுவதற்குள் யாராவது போன் போட்டு, "என்ன அண்ணே, உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்கள். தனியாகப் போகிற ஜிம்மில் இது கிடைக்காது.

ஆனால் என்னை உறுத்துவதும் அதே கூட்டம்தான். சுவரில் வெள்ளைப் பலகை. அதில் பெயர், பக்கத்தில் எத்தனை நிமிஷம் எத்தனை விநாடி, எத்தனை கிலோ. பலகையைப் பார்த்ததும் பையன்களுக்கு முகம் மாறிவிடும். ஒருவன் டெட்லிஃப்ட் போடுகிறான், எட்டாவது தடவையிலேயே முதுகு வில்லாக வளைந்துவிட்டது, சுற்றி நிற்கிறவர்கள் "விடாதே, விடாதே" என்று கத்துகிறார்கள். அந்த நேரத்தில் "கீழே வை" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். எங்கள் கோச் சொல்வார். அப்படிச் சொல்லாமல் கைதட்டி உற்சாகப்படுத்துகிற இடத்தையும் வேறு ஊரில் பார்த்தேன். இரண்டு இடத்துக்கும் ஒரே கம்பி, ஒரே பலகை. அந்த ஒரு ஆள்தான் வித்தியாசம்.

தேவகோட்டை, பள்ளி ஆசிரியை

பெண்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். எனக்கு நாற்பத்து நாலு வயது, சர்க்கரை உண்டு. சேர்ந்த புதிதில் மற்றவர்கள் இரும்புக் கம்பி எடுக்கும்போது என் கையில் கோச் ஒரு பிளாஸ்டிக் குழாயைத்தான் கொடுத்தார். பெட்டி மேல் குதிக்கிற இடத்தில் எனக்கு ஏறி இறங்குவது. புல்-அப்புக்குப் பதிலாக, தொங்கும் வளையத்தைப் பிடித்துச் சாய்ந்து நின்று இழுப்பது. எல்லோருக்கும் அதே கடிகாரம், அதே பாட்டு, வேலை மட்டும் அவரவர் தாங்குகிற அளவு. இதை ஸ்கேலிங் என்கிறார்கள். இது இல்லாத வகுப்பில் என் வயதுப் பெண்கள் கால் வைக்கவே கூடாது என்பேன்.

மூன்று மாதச் சர்க்கரை அளவு நன்றாக இறங்கியது. சாப்பாட்டையும் மாற்றினேன், அதனால் முழுப் பெருமையும் பயிற்சிக்கு இல்லை. மாலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் என்பது எங்கள் வீட்டில் மாற்ற முடியாத வழக்கம். இப்போது அந்த நேரத்தில் நான் வகுப்பில் இருக்கிறேன், பிரச்சினையே வருவதில்லை.

சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குக் கடும் பயிற்சிக்குப் பிறகு சர்க்கரை திடீரென்று இறங்கலாம். சில மணி நேரம் கழித்துக்கூட இறங்கும். எனக்குச் சமையலறையில் கை நடுங்கி, நெற்றியெல்லாம் வேர்த்து, பாத்திரத்தைப் பிடிக்க முடியவில்லை. டாக்டரிடம் சொன்னேன், மாத்திரை அளவைக் குறைத்தார். இதற்கு நேர்மாறாக, பயிற்சி முடிந்த கையோடு பார்த்தால் சர்க்கரை ஏறியும் காட்டும். உடம்பு முடுக்கிவிடப்படும்போது ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் விடுவதால் வருவது அது. பயந்து பயிற்சியை விட்டுவிட வேண்டாம்.

அப்புறம், யாரும் வெளியே பேசாத விஷயம். ஸ்கிப்பிங் ஆடும்போதும் குதிக்கும்போதும் சிறுநீர் கசிகிறது. பிள்ளை பெற்ற பெண்கள் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல். ஒருவர் வாய் திறந்த பிறகுதான் மற்றவர்களும் சொன்னார்கள். இதனாலேயே வேறு காரணம் சொல்லி நின்றுபோனவர்கள் உண்டு. சிறுநீர்ப்பையைத் தாங்குகிற இடுப்படித் தசைக்கு என்று தனிப் பயிற்சி இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார். பலன் தெரிய சில வாரம் ஆகும், ஆனால் தெரியும். அதுவரை குதிப்பதை நிறுத்திவிட்டு மற்றதைச் செய்யலாம். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை, ஆச்சிமாரே.

கோட்டையூர், வீட்டிலிருந்து கணினி வேலை

எங்கள் பெரியப்பா மகனுக்கு நடந்தது. சிங்கப்பூரில் வேலை. அங்கே முன்பு இந்தப் பயிற்சி செய்தவர், நடுவில் பல மாதம் விட்டுவிட்டார். பொங்கலுக்கு வந்தவர், சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில், வெளியூரில் ஒரு இடத்தில் நடந்த சவால் பயிற்சிக்குப் போனார். நூறு புல்-அப், இடையிடையே ஓட்டம். நல்ல வெயில், தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை.

மறுநாள் இரண்டு கையும் முழங்கையில் மடங்கியபடியே நின்றுவிட்டது, நீட்ட முடியவில்லை. புஜம் வீங்கித் தொட்டால் கல்லாக இருந்தது. பயிற்சி வலிதானே என்று வலி மாத்திரை போட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. பெரியம்மா பார்த்துவிட்டு அலறிவிட்டார்கள். உடனே மதுரைக்குக் கூட்டிப்போனோம்.

ராப்டோமயோலைசிஸ் என்றார்கள். தாங்க முடியாத உழைப்பில் தசை இழைகள் சிதைந்து, உள்ளே இருக்கிற மயோகுளோபின் என்கிற புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைத்துவிடும். ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்று ஒன்றைப் பார்க்கிறார்கள். சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்க வேண்டியது அவருக்குப் பல ஆயிரங்களில் இருந்தது. நாள் கணக்கில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் இந்த நிலையில் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார்.

இது எல்லோருக்கும் வருவதில்லை, அரிதுதான். ஆனால் வருகிறவர்களில், முன்பு நன்றாகச் செய்து, இடைவெளி விட்டு, பழைய நினைப்பில் பழைய அளவைத் தொடுகிறவர்கள் கணிசம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற நம்ம பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வலி இருந்தால் பொறுக்கலாம். சிறுநீர் கறுத்தால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது.

காரைக்குடி, பிசியோதெரபிஸ்ட்

கோட்டையூர்த் தம்பி எழுதியது சரி. என்னிடம் அன்றாடம் வருகிறவை வேறு. தோள், அடிமுதுகு, முழங்கால், இந்த வரிசையில் பார்க்கிறேன்.

தோள்வலி வருவதற்கு முக்கியக் காரணம் உடம்பை ஊஞ்சலாட்டிப் போடுகிற புல்-அப். ஆட்டாமல் நிதானமாக ஐந்து போட முடியாதவர் ஆட்டி முப்பது போடுகிறார். தாங்கிப் பிடிக்க வேண்டிய தசைக்குப் பலம் வருவதற்கு முன்பே மூட்டு அந்த வேகத்தை வாங்குகிறது. முதலில் ஆட்டாமல் போடப் பழகுங்கள், அதற்கு மாதங்கள் ஆனாலும் ஆகட்டும்.

அடிமுதுகுக்குக் காரணம் களைப்பு. ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் எல்லாம் ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டியில் ஒரு தடவை தூக்கி, ஓய்வெடுத்து, மறுபடி தூக்குவதற்கான நுணுக்கமான அசைவுகள். அவற்றை மூச்சு வாங்க வாங்க முப்பது தடவை போடும்போது கடைசிப் பத்தில் வடிவம் கலையத்தான் செய்யும். அந்தப் பத்துதான் என்னிடம் ஆளை அனுப்புகிறது.

இதற்காக இந்தப் பயிற்சியே ஆபத்து என்று நான் சொல்லமாட்டேன். வெளிவந்திருக்கிற ஆய்வுகளில் பலவும் காயமடைகிற விகிதம் பளுதூக்குதல், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றின் அளவில்தான் இருக்கிறது என்கின்றன. காலில் பலம், எலும்பு உறுதி, இதயத்தின் தாங்குதிறன் மூன்றையும் ஒரே மணி நேரத்தில் தருவது சாதாரண விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்குப்படி வாரத்துக்கு 75 முதல் 150 நிமிஷம் தீவிரப் பயிற்சியும், இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் போதும். அதாவது வாரம் மூன்று வகுப்பு ஏராளம். ஆறு நாளும் போய், ஏழாவது நாள் என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, எந்த நாளில் ஓய்வு எடுக்கிறீர்கள் என்பதைத்தான்.

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், நடந்தால் நெஞ்சு இறுக்குகிறவர்கள், காலுக்கு மின்சாரம் பாய்கிற மாதிரி முதுகுவலி உள்ளவர்கள், பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். வகுப்பில் சேர்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளத்தூர், ஓய்வு பெற்றவர்

எனக்கு அறுபத்து மூன்று. எங்கள் காலத்தில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. பெரியவர்கள் இளவட்டக்கல் தூக்கிய கதையைச் சொல்வார்கள். அந்தக் கல்லை யாரும் கடிகாரம் வைத்துத் தூக்கியதில்லை. முழங்காலுக்கு, மார்புக்கு, தோளுக்கு என்று படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். முடியாதவன் வைத்துவிட்டுப் போவான், அடுத்த வருஷம் வருவான்.

பேரன் கூட்டிப்போய்ச் சேர்த்தான். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, கெட்டில்பெல் என்கிறார்கள், அதில் எட்டுக் கிலோ போதும் என்கிறேன், கோச்சும் விட்டுவிடுகிறார். எனக்கு வேண்டியது ஒன்றுதான். பட்டாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தூணைப் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும். இப்போது எழுந்திருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பழனி நடைக்கு இந்தத் தடவை காலும் ஒத்துழைத்தது.

கானாடுகாத்தான், தங்கும் விடுதி ஊழியர்

நான் விட்டுவிட்டேன். சாதாரண ஜிம்மைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டணம், போக வர பெட்ரோல் வேறு. சுற்றுலா நேரத்தில் ராத்திரி வேலை முடிய நேரமாகிவிடும். தூங்காமல் போய்ச் செய்த நாட்களில் உடம்பு தேறவில்லை, சளி காய்ச்சல்தான் வந்துகொண்டே இருந்தது. இப்போது வீட்டு வாசலில் பஸ்கி, தண்டால், ஊருணியைச் சுற்றி வேக நடை. உடம்பு நன்றாக இருக்கிறது. கூட இருந்தவர்களைத்தான் தேடுகிறது.

காரைக்குடி, பயிற்சியாளர்

எல்லாவற்றையும் படித்தேன். நான் அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள். பலகையைப் பற்றி அண்ணே எழுதியது நியாயம். என் வகுப்பில் பலகையில் நேரம் எழுதுவதில்லை. எழுதுவது எடை, பக்கத்தில் அசைவு சரியா தப்பா என்று ஒரு குறி. முதலில் பையன்கள் முணுமுணுத்தார்கள். சிலர் வேறு இடத்துக்கும் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதிதாக வருகிறவரை முதல் மாதம் கடிகாரத்தோடு சேர்ப்பதில்லை. உட்கார்ந்து எழுவது, குனிந்து எடுப்பது, தலைக்கு மேல் தள்ளுவது, தொங்குவது, இந்த நாலும் வெறும் கம்பியில் சரியாக வர வேண்டும். விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவருக்குப் பழைய அளவில் பாதிதான் முதல் வாரம், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். சேர வருகிறவர்கள் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். கோச் எத்தனை பேரிடம் எடையைக் குறைக்கச் சொல்கிறார் என்று கவனியுங்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள்.

வெயிலைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. நம்ம செம்மண் பூமியில் சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே மாலை ஆறு மணிக்கும் அனல் அடிக்கும். வேர்ப்பது அதிகமானால் கொழுப்பு அதிகம் கரைகிறது என்று நினைத்துச் சிலர் மழைக்கோட்டு மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். போவது தண்ணீரும் உப்பும்தான். அந்த இரண்டு மாதமும் ஓட்டம், தரையில் படுத்தெழுந்து குதிக்கிற பர்பி எல்லாவற்றையும் விடியற்காலை வகுப்புக்கு மாற்றிவிடுகிறேன். மாலையில் பளு மட்டும், நிறைய இடைவெளி விட்டு. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பானை எப்போதும் இருக்கும். தலை சுற்றுகிறது, குளிர்கிறது, வேர்வை நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவருக்கு வகுப்பு முடிந்தது. நிழலில் படுக்கவைத்து ஈரத்துணி போட்டு விசிறியைத் திருப்பிவிடுவோம், கொஞ்ச நேரத்தில் தெளியவில்லை என்றால் நேரே ஆஸ்பத்திரி.

தேவகோட்டை ஆச்சி எழுதிய விஷயத்துக்காக, இடுப்படித் தசைப் பயிற்சியைப் பெண்கள் வகுப்பின் ஆரம்பத்திலேயே சேர்க்கப் போகிறேன். பிசியோ அண்ணே ஒரு நாள் வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் எப்போது வந்தாலும் சரி.