நீரேந்து பரப்பில் நட்ட கன்றுகளை ஊரார் எவ்வாறு கணக்கெடுப்பது?

அலைகரை (ஒட்டுசுட்டான்):
முன்பு சேனைப் பயிர்ச்செய்கைக்காகக் காடு வெட்டப்பட்டுப் பற்றையாகிப்போன எங்கள் குளத்து நீரேந்து பரப்பில், கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் சேர்ந்து, சென்ற மாரி தொடங்கியதும் பாலை, முதிரை, வீரை, நாவல் கன்றுகளை நட்டன. உதவிய நிறுவனமோ எத்தனை கன்றுகள் உயிருடன் உள்ளன என்ற ஒற்றை எண்ணையே கேட்கிறது. கோடையில் வீசும் வறண்ட சோளகக் காற்றில் பல கன்றுகள் குச்சியாக நிற்பதால், எண்ணியவர்களின் கணக்குகள் ஒத்துவரவில்லை. வெளியாரை எதிர்பாராமல் நாங்களே ஆண்டுதோறும் பதிந்துவர எளிய முறை உண்டா?

கருங்காலி (வவுனியா):
இலையில்லாத கன்றைப் பட்டதாக எழுதிவிட வேண்டாம். அடித்தண்டின் பட்டையை நகத்தால் சுரண்டும்போது உள்ளே பச்சை தெரிந்தால் அதற்கு உயிர் உண்டு. மேலே காய்ந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும் மரங்கள் நம் உலர்வலயத்தில் பல. ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும் மாசியில் மறுமுறையும் எண்ணுங்கள். ஒன்றுதான் இயலுமென்றால் கோடை இறுதிக் கணக்கையே நான் தெரிவுசெய்வேன். மாசியில் எல்லா நடுகையும் வெற்றியாகவே தோன்றும்.

எல்லாக் கன்றுகளையும் எண்ணத் தேவையில்லை. மேடு, பள்ளம், காட்டோரம் என எல்லாப் பகுதியிலும், செழித்த இடங்களைத் தேடிப் பிடிக்காமல், முளைக்கட்டைகளை அடித்து, கட்டையில் கட்டிய 5.64 மீற்றர் கயிற்றைப் பிடித்துச் சுற்றிவந்தால், 100 சதுர மீற்றர் வட்டம் கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் அதே வட்டங்களில், நட்டவற்றையும் தாமாக முளைத்தவற்றையும் இனவாரியாகத் தனித்தனியே எழுதுங்கள். கரடியும் பறவைகளும் பழந்தின்று இட்ட வித்திலிருந்து பாலையும் வீரையும் எழுகின்றனவா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

மீள்நடுகையையும் கலக்க வேண்டாம். 1,000 கன்றுகளில் 400 பட்டபின் 300 புதிதாக நட்டால், 900 நிற்கும். ஆனால் முதல் நடுகையில் தப்பியது 60 சதவீதமே.

மருதநிழல் (நெடுங்கேணி):
மாடு மேய்ப்பவர்களையும் குழுவில் சேருங்கள். அவ்விடத்தை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்களே. இறப்பின் காரணத்தையும் பதிய வேண்டும். கத்தியால் சாய்வாக அரிந்ததுபோல் நுனி இருந்தால் முயலாக இருக்கலாம். கிழிந்து நாராக இருந்தால் மாடோ மானோ கடித்திருக்கும். கறையான், கினியாப்புல்லில் பரவும் கோடைத் தீ ஆகியவற்றுக்கும் தனி நிரல் வையுங்கள். இன்னொன்று: கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதியாகத் தெரியாத நிலத்தில் எவரும் முளையடிக்கப் போகக்கூடாது.

அலைகரை:
நன்றி. நிறுவனத்தின் படிவத்தில் தாமாக முளைத்தவற்றுக்கு இடமில்லை. அவற்றைச் சங்கத்தின் பதிவேட்டில் எழுதுவோம். நைலோன் கயிறு போதுமா?

கருங்காலி:
நைலோன் இழுபடும். மெல்லிய கம்பி வாங்குங்கள்.