ஹார்ன்ஸ்பி புளூ கம் நடை: வழியில் யாரையெல்லாம் பார்த்தீர்கள்?

ஞாயிறுநடை:
போன ஞாயிறு அம்மாவோடு ஹார்ன்ஸ்பி புளூ கம் நடை போய் வந்தேன். சிட்னி வடக்கில் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே வீடுகளைத் தாண்டினால், ரோஸ்மீட் சாலையில் பாதை தொடங்குகிறது. நாலு கிலோமீட்டர் சொச்சம், ஒரு வட்டம். ‘மிதமானது’ என்று போட்டிருந்ததை நம்பித்தான் கூட்டிப் போனேன். அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. சதுரகிரி ஏறிய கால்கள். ஆனாலும் பாதை கீழே போவதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“என்னடா இது, மலைன்னா ஏறிட்டுத்தானே இறங்கணும்? இங்க இறங்கிட்டு ஏறணுமா?”

எனக்கும் வந்த புதிதில் இதே குழப்பம்தான். இந்தப் பக்கம் ரயில், கடை, வீடு எல்லாம் மேட்டின் முதுகில். செங்குத்தாகச் சரிந்து வீடு கட்ட முடியாமல் போன ஓடைப் பள்ளங்கள்தான் காடாக மிஞ்சியிருக்கின்றன. அதனால் தெம்பு இருக்கும்போது இறக்கம், முட்டி கெஞ்சும்போது ஏற்றம்.

கீழே போகப் போக மரங்கள் மாறுகின்றன. மேலே மணற்கல் பூமியில் முறுக்கிக்கொண்டு நிற்பவை ஒரு ரகம். பள்ளத்தில் புளூ கம். அடியில் மட்டும் காலுறை மாட்டியது போலச் சொரசொரப்பான பட்டை, அதற்கு மேல் நீலச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று நேராக ஏறும் தண்டு. எல்லாம் மண் செய்யும் வேலை. இங்கே பழைய எரிமலைக் குழாய் ஒன்று பூமிக்குள் இருக்கிறது, அதன் பாறை மக்கிய மண் வளமானது. அந்தப் பாறையைத்தான் பல பத்தாண்டுகள் குவாரி போட்டு வெட்டினார்கள். இங்கேயும் அந்த ஜல்லிக்குப் பேர் ‘புளூ மெட்டல்’தான், நம்மூர் கிரஷர் போர்டுகளில் இருக்கும் அதே பேர். அப்புறம் நார்த்கனெக்ஸ் சுரங்கச் சாலை தோண்டியபோது வந்த மண்ணும் கல்லுமாகச் சுமார் 10 லட்சம் கன மீட்டரை அந்தக் குழிக்கே கொண்டுவந்து கொட்டினார்கள். “வெட்டுனவங்களே மூடிட்டாங்களா, பரவாயில்லையே” என்றார் அம்மா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃபிஷ்பாண்ட்ஸ் குட்டைக்கு முன்னால் சரசரவென்று சத்தம். பிரஷ் டர்க்கி. கறுப்பு உடம்பு, மொட்டைச் சிவப்புத் தலை, கழுத்தில் மஞ்சள் மாலை போலத் தொங்கும் தோல். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலால் சருகைப் பின்னால் எத்திக்கொண்டே இருந்தது. பின்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு சருகு மேடு. அதுதான் கூடு. அடை காப்பது கிடையாது. மக்கும் சருகின் சூட்டிலேயே முட்டை பொரிகிறது. ஆண் பறவை அலகை உள்ளே விட்டுப் பார்க்கும்: சூடு ஏறினால் சருகைத் தள்ளும், குறைந்தால் போடும். கணக்கு 33 டிகிரிக்குப் பக்கம். குஞ்சு தானே தோண்டி வெளியே வந்து தன் பாட்டுக்குப் போய்விடும், அப்பா அம்மா முகமே தெரியாது.

அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, “பெட்டை எங்க?” என்றார். முட்டையிட வரும், போகும், அவ்வளவுதான் என்றேன். “கெட்டிக்காரி.”

குட்டை ஓரம் பாறையில் உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறந்தால் அதே ஆளோ வேறு ஆளோ பின்னாலேயே வந்துவிட்டது. போடக்கூடாது என்பதால் டப்பாவை மடியில் இடுக்கிக்கொண்டு சாப்பிட்டோம். பிறகு பேச்சு மும்முரத்தில் வட்டத்தை விட்டு கிரேட் நார்த் வாக் பாதையில் கால் மணி நேரம் போய்விட்டோம். அது சிட்னியிலிருந்து 250 கி.மீ. நடந்து நியூகாசலில் முடிவது. “நியூகாசல்ல நமக்கு யார் இருக்கா?” என்று அம்மா கேட்டதும் திரும்பினோம்.

உங்களுக்கு எதிர்ப்பட்டவை என்னென்ன?

ஒடியல்கூழ்:
எனக்கு எதிர்ப்படவில்லை, கூடவே வீட்டுக்கு வந்தது. போன கிழமை லேன் கோவ் ஆற்றோரம் நடந்துவிட்டு வந்து இரண்டாம் நாள் குளிக்கும்போது காதுக்குப் பின்னால் ஏதோ மிளகு மாதிரித் தட்டுப்பட்டது. உண்ணி. நகத்தால் பிடுங்கப் போனேன், மனைவி கையைத் தட்டிவிட்டா. நெரித்தால் அது தன் எச்சிலை இன்னும் உள்ளே இறக்கும். மருந்துக்கடையில் விற்கும் ஸ்ப்ரேயை அடித்து, இருந்த இடத்திலேயே உறைய வைத்துக் கொல்ல வேண்டும். பிறகு தானாக விழும்.

இன்னொன்று. இந்த உண்ணி கடித்த சிலருக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சி ஒவ்வாமல் போய்விடும். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் காட்டும், அதனால் காரணம் பிடிபடாது. இந்தத் தொடர்பை முதலில் கவனித்ததே சிட்னி வடக்குப் பகுதி மருத்துவர் ஷெரில் வான் நூனன்தான். கோழிக்கும் மீனுக்கும் பிரச்சினை இல்லையாம். எனக்கு இதுவரை ஆட்டுக்கறி ஒத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் பயந்துதான் சாப்பிடுகிறேன்.

வெறுங்கால்:
மழைக்கு மறுநாள் போனால் அட்டை. காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். உப்புப் பொட்டலம் எப்போதும் பையில்.

மேட்டுத்தெரு:
போன நவம்பரில் இதே வட்டத்தில் ஒரு வளைவில் சிவப்பு வயிற்றுக் கருநாகம். இங்கத்தியப் பேரை அப்படித்தான் தமிழில் சொல்லத் தோன்றுகிறது. படம் எடுக்காது. பளபளவென்று கறுப்பு, விலாவில் மட்டும் செங்கல் சிவப்பு. நாலு எட்டு தள்ளி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அசையாமல் நின்றேன். அதுவும் அவசரப்படவில்லை, முழு உடம்பையும் காட்டிவிட்டுத்தான் பெரணிக்குள் போனது. கடித்தால் ஓடக்கூடாது, கழுவக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ முழுக்க இறுக்கிக் கட்டுப்போட்டு அசையாமல் இருந்து இங்கத்திய அவசர எண் 000 அழைக்க வேண்டும். அன்று என் பையில் கட்டுத்துணி இல்லை, கேமரா இரண்டு இருந்தது.

ஞாயிறுநடை:
எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வரும் ஞாயிறும் வருகிறாராம். கட்டுத்துணியும் உப்பும் வாங்கியாயிற்று. புளியோதரை வேண்டாமாம், இட்லி.