1,23,45,679: காரணிப்படுத்த உதவி வேண்டும்

வணக்கம். காட்பாடியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வேலூர்ப் பக்கத்துக் கணக்கு வாத்தியார்கள் யாராவது கைகொடுங்கள்.

எண் இதுதான்: 1,23,45,679. 9ஆல் பெருக்கினால் 11,11,11,111. 18ஆல் பெருக்கினால் 22,22,22,222. "எட்டு எங்க மிஸ் போச்சு?" என்று உடனே கேட்டார்கள். அதற்குச் சமாளித்துவிட்டேன். 1/81ஐத் தசமத்தில் எழுதினால் 0.012345679012345679... என்று சுழலும். உள்ளே 0, 1, 2 என்று வரிசையாகத்தான் போகிறது. 9க்கு அடுத்த 10 தன் 1ஐ இடப்பக்கம் தள்ள, 9 பத்தாகி அதுவும் ஒன்றைத் தள்ள, 8 ஒன்பதாகிவிடுகிறது.

காரணிப்படுத்தியபோதுதான் சிக்கல். 37 × 3,33,667 என்று வருகிறது. இந்த 3,33,667 பகா எண் என்று காட்ட, 577 வரையுள்ள 106 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கணும். வாண்டுகள் 41ஐத் தாண்டவில்லை, பேனாவை மூடிவிட்டார்கள் (நியாயம்தானே!).

18ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களை மட்டும், அதாவது 19, 37, 73, 109 என்று 17 எண்களைச் சோதித்தால் போதும். காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை (p என்ற பகா எண்ணால் வகுபடாத எண்ணை p−1 அடுக்குக்கு உயர்த்தி, pஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பது) இழுக்காமல் இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? 1/7இன் தசமம் 6 இலக்கத்தில் சுழல்வதைக் காட்டித் தொடங்கலாமா? அப்புறம் அங்கிருந்து 9 இலக்கச் சுழற்சிக்கு எப்படிப் போவது?

சனிக்கிழமை சாயங்காலம் நேரில் வந்து ஒரு மணி நேரம் நடத்த முடிந்தால் இன்னும் நல்லது. தனிச்செய்தி அனுப்புங்கள்.