தோட்ட ஜீப்பில் கங்காணியின் தொல்லை: பெயர் வெளிவராமல் எப்படிப் போராடுவது?

கம்பம் பகுதியிலிருந்து ஒரு தொழிலாளி:
விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. தோட்டத்திலிருந்து அனுப்பும் அந்த ஜீப்பில் கூட வரும் கங்காணி, நெரிசலைச் சாக்காக வைத்து ஓர் இளம்பெண்ணிடம் தொடர்ந்து தகாத முறையில் நடந்துகொள்கிறார். அவள் சத்தம் போட்டதற்கு, நாளை முதல் உனக்கு ஜீப்பில் இடமில்லை என்று மிரட்டினார். நாங்கள் எல்லோருமாக வேலையை நிறுத்தி உட்காரலாம் என்று நினைக்கிறோம். ஆனால் அவள் பெயர் வெளியே தெரிந்தால் வீட்டில் வேலைக்கே விடமாட்டார்கள். வீடு தமிழ்நாட்டில், தோட்டம் கேரளத்தில்; புகாரை எங்கே கொடுப்பது?

குமுளியிலிருந்து, சட்ட உதவிப் பணியில் இருப்பவர்:
அக்கா, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலைக்குப் போய்வர முதலாளி ஏற்பாடு செய்யும் வண்டியையும் பணியிடமாகவே கொள்கிறது. தினக்கூலிக்கு வருகிறவர்களும், ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்களும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டத்தில், இப்படிப்பட்ட புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும்; ஆள் அதற்குக் குறைவாக இருந்தாலோ, புகார் முதலாளி மீதே இருந்தாலோ, இடுக்கி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். அவளால் நேரில் முடியாவிட்டால், அவளது எழுத்துபூர்வச் சம்மதத்துடன், விவரம் அறிந்த வேறொருவர் கொடுக்கலாம். அவளது பெயரையும் புகாரின் விவரத்தையும் பத்திரிகைக்கோ பொதுவெளிக்கோ தர அதே சட்டம் தடை விதிக்கிறது. காவல்துறையை நாடுவதானால், சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே தகவல் கொடுக்கலாம். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது.

மூணாறிலிருந்து:
2015 செப்டம்பரில் இங்கே பெம்பிளை ஒருமை என்ற பெயரில் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தேயிலைத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் 20 சதவீத போனஸுக்கானது. உங்களுடைய பிரச்சினை வேறு. ஆனாலும் அவர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாங்களே முன்னால் உட்கார்ந்தது உங்களுக்கும் பொருந்தும், ஏனென்றால் சமரசம் பேச வரும் ஆண்கள் முதலில் கேட்பது 'யார் அந்தப் பொண்ணு' என்பதுதான். எனவே வயதில் மூத்த, வாய்த்துணிவுள்ள அக்காமார் முன்வரிசையில் இருக்கட்டும்; அந்தப் பெண் கூட்டத்துக்குள் ஒருத்தியாக இருக்கட்டும், அல்லது அன்று வராமலே இருக்கட்டும். கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதை அடியோடு தவிருங்கள். கோரிக்கையும் ஒரே வரியில் இருக்கட்டும்: இந்த ஆள் எங்கள் ஜீப்பில் வரக்கூடாது. கூலி உயர்வு, முன்பணம் எல்லாவற்றையும் அதோடு சேர்த்தால், பேச்சுவார்த்தையில் முதலில் கழன்று விழுவது இதுவாகத்தான் இருக்கும்.

போடியிலிருந்து:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒரு ஜீப் மட்டும் நின்றால், அன்று காலையே வேறு ஜீப்பில் ஆள் ஏற்றிக் காய் எடுத்துவிடுவார்கள், உங்களுக்குத்தான் ஒரு நாள் கூலி நட்டம். அதே தோட்டத்துக்கு வரும் மற்ற ஜீப் பெண்களிடம் முந்தைய நாள் மாலையே, அவள் பெயரைச் சொல்லாமல், பேசிவிடுங்கள். அந்தக் கங்காணியின் கையை அறிந்தவர்கள் அங்கேயும் இருப்பார்கள். அவர்களும் தனித்தனியே எழுதிக் கொடுத்தால், தோட்டத்தார் அதை ஒருத்தியின் கற்பனை என்று தள்ளுவது கடினம்.