6 வோல்ட் ஜீப் சூடானால் ஸ்டார்ட் ஆவதில்லை: 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமா?

பச்சைபெயின்ட்:

வணக்கம். 1943இல் இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த ஃபோர்டு ஜிபிடபிள்யூ ராணுவ ஜீப் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ரொம்ப காலம் கொட்டகையில் நின்ற வண்டி. காலையில் ஸ்டார்ட்டர் பட்டனைக் காலால் மிதித்ததும் பிடித்துக்கொள்கிறது. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி மிதித்தால் ஒரு முனகல், அவ்வளவுதான். பேட்டரி புதுசு. பார்க்கிறவர்கள் எல்லாரும் 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை, ஆனால் நடுவழியில் தள்ளத் தெம்பும் இல்லை. கண்காட்சிக்காக வாங்கவில்லை, ஓட்டத்தான் வாங்கினேன். என்ன செய்யலாம்?

நாலுசக்கரம்:

மாற்றிவிடுங்கள். நான் மாற்றிவிட்டேன், நிம்மதியாக இருக்கிறேன். பல்பு எங்கேயும் கிடைக்கும், நின்றுபோனால் எந்தக் காரிலிருந்தும் ஜம்ப் கொடுக்கலாம். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப்பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

கிரீஸ்கை:

தம்பி, அவசரப்படாதீர்கள். நாலுசக்கரம் சொல்லும் வசதிகள் உண்மைதான். ஆனால் 12 வோல்ட் உங்கள் வண்டியின் கோளாறைச் சரிசெய்யாது, மூடி மறைக்கும்.

இந்த ஜீப்புகள் புதுசாக இருந்தபோது போர்முனையில் இதே 6 வோல்ட்டில்தான் ஸ்டார்ட் ஆயின. இதே ஜீப்பைச் செய்த வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். 6 வோல்ட்டே போதாது என்றால் அத்தனை வண்டியும் தள்ளுவண்டியாகத்தான் போயிருக்கும். அப்போது இருந்த ஏதோ ஒன்று இப்போது உங்கள் வண்டியில் இல்லை. முக்கால்வாசி நேரம் அது தடித்த கேபிள்.

கணக்கைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் எங்கேயோ 0.005 ஓம் தடை இருந்தால் 1 வோல்ட் அங்கேயே செத்துப்போகும். 12 வோல்ட்டில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு, உங்களுக்கோ ஆறில் ஒரு பங்கு. அதோடு செம்பு 60 டிகிரி சூடேறினால் அதன் தடை கிட்டத்தட்ட கால்பங்கு கூடும். காலையில் எப்படியோ ஒப்பேற்றிய வண்டி மத்தியானம் மக்கர் பண்ணுவது இதனால்தான்.

யூகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். இக்னிஷனை ஆஃப் செய்யுங்கள். கால் பட்டன் ஸ்டார்ட்டருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுப்பது, அதனால் இன்ஜின் சுற்றும், பிடிக்காது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ப்ளஸ் முனையிலேயே வையுங்கள் (கிளாம்பில் வேண்டாம்), இன்னொன்றை ஸ்டார்ட்டர் போல்ட்டில். ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அப்புறம் இதே மாதிரி மைனஸ் முனைக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் நடுவில். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் இன்ஜினுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே எர்த் பட்டை ஒன்று இருந்தே ஆக வேண்டும். பெயின்ட் அடிக்கிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு மாட்ட மறப்பார்கள், இல்லாவிட்டால் பெயின்ட் மேலேயே மாட்டுவார்கள்.

டைமிங்கையும், அதாவது ப்ளக்கில் பொறி விழும் நேரத்தையும், ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன்னால் இருக்க வேண்டும். அதைவிட முன்னால் தள்ளி வைத்திருந்தால் சூட்டில் இன்ஜின் எதிர்த்து உதைக்கும், ஸ்டார்ட்டர் திணறும். 1944 பிப்ரவரியில் வந்த டிஎம் 9-803 என்ற ராணுவக் கையேடு இணையத்தில் கிடைக்கிறது. வாகனமே பார்க்காத இளம் சிப்பாய்க்குப் புரிகிற மாதிரி எழுதியது. அதை வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் பாதிக் கேள்விகளுக்கு இங்கே வரவே வேண்டாம்.

12 வோல்ட்டுக்குப் போனால் கட்-அவுட் (சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி), காயில் (ப்ளக்குக்குப் பொறி தருவது), பல்பு, பெட்ரோல் மீட்டர் எல்லாவற்றையும் தொட வேண்டிவரும். 6 வோல்ட் ஸ்டார்ட்டருக்கு 12 கொடுத்தால் ஃப்ளைவீல் பல்லில் போய் மடாரென்று இடிக்கும். பல் தேய்ந்தால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்க வேண்டும்.

பச்சைபெயின்ட்:

அண்ணா, அளந்தேன். ப்ளஸ் பக்கம் 1.1 வோல்ட்! எர்த் பக்கம் 0.2. பட்டனைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே செம்புத் தகடு கருகி அம்மை போட்டிருக்கிறது. கேபிளும் இப்போதைய கார் கேபிள், சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. இரண்டையும் மாற்றப்போகிறேன். கையோடு நாலு சக்கரத்தையும் கழற்றி பிரேக் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இடது பக்க நட்டுகள் அசையவே மாட்டேன் என்கின்றன. நீளமான பைப் போட்டு இழுக்கவா?

டிரம்பிரேக்:

இழுக்காதீர்கள்! இடது பக்கச் சக்கரங்களில் இடது மரை (திருகுப் புரி). வழக்கத்துக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் வண்டியில் காம்பாட் ரிம் இருந்தால் அது இரண்டு பாதிகளை போல்ட் போட்டுச் சேர்த்தது. நடுவில் இருக்கும் ஐந்து நட்டுகள்தான் சக்கரத்தை ஹப்பில் பிடிப்பவை. வெளிவட்டத்து நட்டுகள் ரிம்மின் இரண்டு பாதிகளைப் பிடிப்பவை. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைத் தொட்டால் ரிம் வெடித்துப் பிரியும், ஆளைக் கொன்றுவிடும். வால்வு பின்னைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கிய பிறகுதான் அங்கே ஸ்பேனர். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்மை ஏர் அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

கிரீஸ்கை:

டிரம்பிரேக் சொன்னதை கொட்டகைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பிரேக் ஒரே சர்க்யூட், ஒரு பைப் போனால் நாலு சக்கரமும் போச்சு. அதனால் பைப், ஹோஸ் எல்லாம் புதுசாகவே போடுங்கள். அதிகம் நிற்கிற வண்டிக்கு சிலிகான் டாட் 5 பிரேக் ஆயில் நல்லது, ஈரம் இழுக்காது. ஆனால் பழைய ஆயிலோடு கலக்கக் கூடாது.

கியர்பாக்ஸுக்கு ஜிஎல் 4 ஆயில். சில ஜிஎல் 5 ஆயில்கள் பித்தளை சின்க்ரோவை (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) அரிக்கும். முதல் கியரில் சின்க்ரோவே கிடையாது, வண்டி நின்ற பிறகு போடுங்கள். தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதீர்கள். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் முறுக்கு ஏறி லீவர் இறுகிவிடும்.

ஓட்டத்தான் வாங்கினேன் என்றீர்களே, சந்தோஷம். 60 குதிரைத்திறன், ஆக்சில் கியர் விகிதம் 4.88. மணிக்கு 65, 70 கிலோமீட்டரில் அது பாட்டுக்குப் போகும். அதற்கு மேல் விரட்டினால் இன்ஜின் கத்துவதைத்தான் கேட்டுக்கொண்டு வர வேண்டும். கண்ணாடியை மடக்கிவிட்டு மண் ரோட்டில் செகண்ட் கியரில் போய்ப் பாருங்கள், நான் என் ஜீப்பை ஏன் விற்காமல் வைத்திருக்கிறேன் என்று புரியும். பெட்ரோல் போட டிரைவர் இறங்கித்தான் ஆக வேண்டும், டேங்க் சீட்டுக்கு அடியில். எனக்குப் பிடித்தது ஹெட்லைட்: தூக்கித் திருப்பினால் இன்ஜின் மேல் வெளிச்சம் விழும். ராத்திரி ரிப்பேரை யோசித்துச் செய்திருக்கிறான் அந்த மனுஷன்!

போல்ட் தலையில் ஃபோர்டு அடையாளமான எஃப் எழுத்து இல்லை என்று யாராவது மூக்கைச் சுளித்தால் விடுங்கள். ராணுவப் பட்டறைகளிலேயே வில்லிஸ் பாகத்தை ஃபோர்டிலும் ஃபோர்டுடையதை வில்லிஸிலும் மாட்டி அனுப்பினார்கள். ரேடியேட்டருக்குக் கீழே குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இல்லாமல் தலைகீழ் யு வடிவில் இருந்தால் உங்கள் ஃப்ரேம் ஃபோர்டுதான்.

பச்சைபெயின்ட்:

குனிந்து பார்த்துவிட்டேன், யு தான். இடது நட்டுகளும் எதிர்ப்பக்கம் சுற்றியதும் கழன்றுவிட்டன. கேபிள் வந்ததும் மறுபடி அளந்து போடுகிறேன்.

நாலுசக்கரம்:

சரி, தோற்றேன். 6 வோல்ட் பல்பு வேண்டுமானால் சொல்லுங்கள், என் வண்டியிலிருந்து கழற்றியது ஒரு டப்பா நிறைய சும்மா கிடக்கிறது.